நம்மை நாம் எவ்வளவு அறிவோம்?
(வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)



நனவிலி மனத்தைப் பற்றிப் பேசுமாறு சங்கத்தார் நம்மைப் பணித்துள்ளனர். நாம் அறியாமலே நம்மை நடத்தும் மனப்பகுதியே நனவிலி. வியன்னா மருத்துவர் பிராய்டு அதனைக் கனவுகளில் தேடினார். அவருடன் கடிதத் தொடர்பு கொண்டிருந்த கிரீந்திரசேகர போஸ், 1922-இல் கல்கத்தாவில் இந்திய உளப்பகுப்பாய்வுக் கழகத்தை நிறுவினார்.

இது நமக்கு எதற்கு என இளைஞர்கள் வினவலாம். நம் கணபதியில் பவுண்டரி வேலை அறிந்தோர் பலர் உண்டு. வார்ப்பு வெளியே குறையின்றித் தோன்றும். உள்ளிருக்கும் காற்றுக்குழி லேத்தில் கடையும்போதே வெளிப்படும். மனமும் அத்தகையதே.

உத்தரப் பிரதேசக் கிராமங்களில் நடந்த ஓர் ஆய்வு 2006-இல் வெளியாயிற்று. உயர்சாதி எனப்படுவோரின் சிறுவர் 321 பேருக்கும், தாழ்த்தப்பட்ட சிறுவர் 321 பேருக்கும் வழி கண்டுபிடிக்கும் புதிர்கள் தரப்பட்டன. சாதி சொல்லப்படாதபோது இரு சாராரும் ஏறக்குறையச் சமமாகவே செய்தனர். அனைவர் முன்னும் சாதியை அறிவித்தபின் நம் சிறுவர்கள் பின்தங்கினர். அறிவு அதே அறிவுதான். ஒரு சொல் கையைத் தளரச் செய்தது.

நமது குறை ஒன்றையும் மறைக்காமல் கூறுகிறோம். ஆங்கில வகுப்பில் கடினமான பத்தியை உரக்க வாசிக்க, நம் சமூகப் பிள்ளைகளைப் பல ஆண்டுகள் நாம் அழைத்ததில்லை. பிறர் முன் அவர்கள் தலைகுனியலாகாது என்னும் அன்பே காரணம் என நம்பியிருந்தோம். ஒருநாள் ஒரு மாணவி எழுந்து, "சார், என்னைய ஏனுங்க ஒரு நாளும் வாசிக்கச் சொல்றதில்லை?" என்றாள்.

அன்றிரவு நமக்கு உறக்கமில்லை. அன்பு என்று நாம் பெயரிட்டிருந்தது ஐயம். சிறு வயதில் வகுப்பறை வாசலோரம் அமர்த்தப்பட்டபோது நம்முள் புகுந்த ஐயத்தை, நம் பிள்ளைகளுக்கு நாமே ஊட்டி வந்தோம்! மனநூல் கற்று பி.எட். பட்டம் பெற்றும் அதனைக் கண்டோமில்லை. பதின்மூன்று வயதுப் பெண் காட்டினாள்.

மறுநாள் அவள் வாசித்தாள். இரண்டு சொற்களில் தடுமாறினாள், நிறுத்தவில்லை.

இளைஞர்களே! நம் முதுகை நம் கண்ணால் காண இயலாது. "என்னால் இயலாது" என்று உள்ளிருந்து ஒரு குரல் எழுமாயின், அது யார் குரல் என்று கேளுங்கள். விடை தெரியாவிடில் நண்பரிடமும் ஆசிரியரிடமும் பேசுங்கள். பெரியோர்களே! இளையோர் நம்மைக் கேள்வி கேட்டால் சினவாதீர்கள். நாம் காணாத நம்மை அவர்கள் காண்கின்றனர். ஒருவர்க்கொருவர் கண்ணாக இருக்கவே சங்கம் வேண்டும்.