மழையில் சைக்கிள், மங்கம்மாள் மண்டபம்

ஐப்பசி மாதம். வையம்பட்டியிலிருந்து நாலைந்து பேர் திருச்சி அருங்காட்சியகத்துக்குச் சைக்கிளில் கிளம்புகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மணப்பாறை வழியாக ஏறக்குறைய 50 கிலோமீட்டர். மணப்பாறையில் முறுக்குக்காக நிற்கும் நேரம் தனிக் கணக்கு!

வழியில் மழை பிடித்துக்கொள்கிறது. சாதாரண சைக்கிளில் பிரேக் கட்டை அழுத்துவது சக்கரத்தின் ரிம்மை. அது நனைந்துவிட்டால் கட்டைக்கும் ரிம்முக்கும் நடுவே தண்ணீர்ப் படலம். எவ்வளவு இறுக்கிப் பிடித்தாலும் வண்டி உடனே நிற்காது. கொஞ்சம் முன்கூட்டியே லேசாக அழுத்தி அழுத்தி விட்டால் தண்ணீர் வழிந்து போகும். அப்புறம்தான் பிடிப்பு வரும். ஆகவே முன்னால் போகிறவரை ஒட்டிக்கொண்டு ஊர்க்கதை பேசுவதெல்லாம் வெயில் நாளுக்குத்தான் சரி. தூறல் ஆரம்பித்த முதல் சில நிமிஷம் ரொம்ப மோசம், ரோட்டில் படிந்த எண்ணெயும் தூசியும் சேர்ந்து வழுக்கும். ரயில் தண்டவாளத்தை நேர் குறுக்காகக் கடக்க வேண்டும். சாய்வாகப் போனால் டயர் மாட்டிக்கொள்ளும்.

திருச்சி போய்ச் சேர்ந்தால், மலைக்கோட்டைக்குப் பக்கத்தில் ராணி மங்கம்மாள் மண்டபம், நாயக்கர் காலத்துத் தர்பார் மண்டபம். 1983-ல் தொடங்கிய அரசு அருங்காட்சியகம் 1997 முதல் இங்கேதான் இருக்கிறது. உள்ளே செப்புத் திருமேனிகள், பழங்காசுகள். வெளியே கற்சிலைகள், அவற்றுக்கு மழைக்கோட்டு கிடையாது.

கிளம்பும்முன் காலண்டரைப் பாருங்கள். அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமையும் இரண்டாம் சனிக்கிழமையும் விடுமுறை.