முதல் பதினைந்து நாள்
(மனச்சோர்வுக்கு மாத்திரை தொடங்குபவர்களுக்கும் அவர்கள் வீட்டாருக்கும். நம் குடியிருப்பில் வசிக்கும் ஓய்வுபெற்ற மருந்தாளுநர் ஒருவர் சங்கக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்.)



செயலாளர் என்னிடம், "பத்து நிமிஷம் பேசுங்க அண்ணாச்சி, பிபி, சுகர் மாதிரி ஏதாவது" என்றுதான் கேட்டார். சுகரைப் பற்றி நான் பேச என்ன இருக்கிறது? நம் லிஃப்ட் நாலாவது மாடி போவதற்குள் இரண்டு பேர் தங்கள் சுகர் அளவைச் சொல்லிவிடுகிறார்கள். மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடுபவர் மட்டும் எந்த லிஃப்டிலும் வாய் திறப்பதில்லை. அதனால் அதையே எடுத்துக்கொண்டேன்.

2015-16இல் பெங்களூரு நிம்ஹான்ஸ் முன்னின்று நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பு, தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நடந்தது. பெரியவர்களில் ஏறத்தாழ 20 பேருக்கு ஒருவர் வாழ்நாளில் ஒரு கட்டத்திலாவது மனச்சோர்வு நோய்க்கு ஆளாகிறார் என்று அது சொன்னது. நம் குடியிருப்புக்கு எத்தனை பேர் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். எந்த வீடு என்று மட்டும் யோசிக்க வேண்டாம்.

மருந்துக் கவுண்டரில் நின்ற வருடங்களில் நான் திரும்பத் திரும்பப் பார்த்த ஒன்று உண்டு. மனச்சோர்வு மாத்திரை முதல் அட்டையை வாங்கிக்கொண்டு போவார்கள். இரண்டாவது அட்டைக்கு வரமாட்டார்கள். குணமாகிவிட்டது என்று பொருள் இல்லை. பத்து நாளுக்குள் யாருக்கும் குணமாகாது. மாத்திரை தந்த அசதியைத் தாங்க முடியாமல், யாரிடமும் சொல்லாமல், மிச்சத்தைப் பீரோவுக்குள் போட்டிருப்பார்கள். தலைவலி மாத்திரை அரை மணியில் வேலை செய்கிறது. அந்தப் பழக்கத்தில் இதையும் எதிர்பார்க்கிறோம். ஆனால் இந்த மாத்திரையில் தொந்தரவு முதல் நாளே வரும், பலன் பிறகுதான் வரும். இந்த வரிசையை முன்கூட்டியே யாராவது சொல்லியிருந்தால் பாதிப் பேர் நிறுத்தியிருக்க மாட்டார்கள் என்பது என் எண்ணம்.

இப்போது அதிகம் எழுதப்படுபவை எஸ்சிட்டலோபிராம், செர்ட்ரலின், ஃப்ளூஆக்சடின். செரடோனின் என்ற ரசாயனம் மூளை நரம்புகளுக்கிடையே கூடுதல் நேரம் தங்கும்படி இவை செய்கின்றன. அது சில மணி நேரத்திலேயே நடந்துவிடும். ஆனால் அந்த மாற்றத்துக்கு மூளை பழகி, மனம் தேற இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். முழுப் பலனுக்கு ஆறு, எட்டு வாரம்கூட ஆகலாம். இன்னொன்று தெரிந்துகொள்ளுங்கள். நம் உடம்பின் செரடோனினில் பெரும்பகுதி இருப்பது குடலில். அதனால்தான் முதல் வாரத்தில் குமட்டல், வயிற்றுப்போக்கு, பசியின்மை எல்லாம் வருகின்றன. தலைவலி, வியர்வை, காரணமில்லாத கொட்டாவி, கை நடுக்கம், படபடப்பு வரலாம். சிலருக்குத் தூக்கம் கெடும். சிலருக்கு உட்கார்ந்த இடத்தில் கண் சொருகும். இவற்றில் பெரும்பாலானவை இரண்டு வாரத்தில் தணியும்.

அசதியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், அதுதான் ஆளை அடித்துப்போடுவது. அசதி என்று நாம் ஒரே சொல்லில் சொல்வது மூன்று நான்கு இடத்திலிருந்து வரும். மனச்சோர்வு நோயே அசதியைத் தரும். மாத்திரைக்கு முன்பே அது இருந்திருக்கும். ரத்தசோகையும் தைராய்டு குறைவும் அதே அசதியைத் தரும். ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும், செய்தாயிற்றா என்று மருத்துவரைக் கேளுங்கள். மூன்றாவது, புது மாத்திரை.

நாலாவதைப் பலர் கவனிப்பதில்லை. படபடப்பைத் தணிக்க முதல் சில வாரத்துக்கு மட்டும் குளோனசெபாம் சேர்த்து எழுதுவார்கள். நம் நாட்டில் எஸ்சிட்டலோபிராமும் குளோனசெபாமும் ஒரே மாத்திரையாகவே கிடைக்கிறது. தூக்கம் அதிகம் தருவது பெரும்பாலும் குளோனசெபாம்தான். பழக்கமாகிவிடும் என்று நாம் பயப்பட வேண்டியதும் அதற்குத்தான். எல்லாரும் பொதுவாக "தூக்க மாத்திரை" என்று சொல்லி இரண்டையும் ஒரே கூடையில் போட்டுவிடுகிறோம். உங்கள் அட்டையின் பின்பக்கத்தைப் படியுங்கள். இரண்டு பெயர் இருந்தால், "இது எத்தனை நாளைக்கு, எப்படிக் குறைப்பது?" என்று மருத்துவரிடம் கேளுங்கள். நீங்களாக ஒன்றைப் பிய்த்துப் போட வேண்டாம்.

இனி செய்ய வேண்டியது. மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பின் போட்டால் குமட்டல் குறையும். அந்த ஒரு வாரம் எண்ணெய்ப் பலகாரத்தை விட்டுவிட்டு கஞ்சி, இட்லி, மோர் என்று கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடுங்கள். காலையில் போட்டுப் பகலெல்லாம் தூக்கம் வந்தால் இரவுக்கு மாற்றலாம். இரவில் போட்டுத் தூக்கம் போனால் காலைக்கு மாற்றலாம். போனில் ஒரு வார்த்தை மருத்துவரைக் கேட்டு மாற்றுங்கள். பாதி அளவில் தொடங்கி ஏற்றுவதும் வழக்கமான முறைதான். ஒரு வேளை மறந்துபோனால் அன்றைக்கே ஞாபகம் வரும்போது போடலாம். மறுவேளை நெருங்கிவிட்டால் விட்டுவிடுங்கள். இரண்டாகப் போடக்கூடாது.

நம் ஊரில் ஷிப்ட் வேலைக்காரர்கள் அதிகம். "காலை, இரவு" என்று சீட்டில் எழுதியிருப்பது நைட் ஷிப்ட் முடித்துக் காலை ஏழு மணிக்கு வீடு வருபவருக்குப் பொருந்தாது. உங்கள் ஷிப்ட் அட்டவணையையே மருத்துவரிடம் காட்டுங்கள். பைக் ஓட்டுபவர், கிரேனில், உயரத்தில், மின்சாரத்தில் வேலை செய்பவர் அதையும் சொல்ல வேண்டும். மாத்திரை உங்களை எப்படி வைத்திருக்கிறது என்று தெரியும்வரை பைக்கை எடுக்காதீர்கள். காவல்கிணறு விலக்கில் லாரிகள் வருகிற வேகம் உங்களுக்கே தெரியும்.

பகலில் தூங்கினால் அரை மணியோடு எழுந்துவிடுங்கள். வெயில் ஏறுவதற்கு முன் நம் காம்பவுண்டுக்குள்ளேயே நாலு சுற்று நடந்தால் போதும். ஐந்தாவது சுற்றுக்குத் தெம்பில்லை என்றால் வீட்டுக்குப் போங்கள், யாரும் கணக்கு வைப்பதில்லை. அசதிக்கு மருந்தாகக் காபியை அடுக்காதீர்கள், படபடப்பு கூடும். மதுவை இந்த மாத்திரையோடு சேர்க்கவே கூடாது. ஒரு சின்ன நோட்டில் தினம் ஒரு வரி எழுதுங்கள்: இன்று தூக்கம் எவ்வளவு, அசதி பத்துக்கு எத்தனை. பதினைந்தாம் நாள் மருத்துவர் "எப்படி இருக்கு?" என்று கேட்கும்போது "பரவால்ல சார்" என்று சொல்வதைவிட அந்த நோட்டு நூறு மடங்கு உதவும்.

மூத்தவர்களுக்குத் தனியாக இரண்டு. இந்த மாத்திரைகள் சிலருக்கு ரத்தத்தில் சோடியத்தைக் குறைக்கும், முக்கியமாக நீர் பிரிக்கும் பிபி மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு. தள்ளாட்டம், குழப்பமான பேச்சு, அளவு மீறிய அசதி என்றால் சோடியம் பார்க்கச் சொல்லுங்கள். அடுத்தது மூட்டுவலி மாத்திரை. டைக்ளோஃபெனாக், இப்யூபுரோஃபென் போன்றவற்றைக் கடையில் கேட்டு வாங்கி இதோடு சேர்த்தால் வயிற்றில் ரத்தக்கசிவு ஏற்படும் வாய்ப்பு கூடும். டிராமடாலும் இதோடு ஒத்துப்போகாது. கடைக்காரரிடம் நீங்கள் என்ன சாப்பிடுகிறீர்கள் என்று சொல்லி வாங்குங்கள். கேட்கிற எங்களுக்கு அதில் ஆச்சரியம் ஒன்றும் இருக்காது.

கூட்டத்தில் பேசத் தயங்கும் விஷயம், ஆனால் சொல்லித்தான் ஆக வேண்டும். தாம்பத்தியத்தில் நாட்டம் குறையலாம். மற்றத் தொந்தரவுகள் போல இது இரண்டு வாரத்தில் தானாகப் போகும் என்று சொல்ல முடியாது. ஆண்கள் பலர் சத்தமில்லாமல் மாத்திரையை நிறுத்துவது இதனால்தான். அளவை மாற்ற, மருந்தை மாற்ற வழி இருக்கிறது. மருத்துவர் இதை ஆயிரம் தடவை கேட்டிருப்பார்.

திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல், தலைக்குள் ஷாக் அடித்த மாதிரி ஓர் உணர்வு வரும். அதைப் பார்த்துவிட்டு "அடிமையாயிட்டேன்" என்று பயப்படுகிறார்கள். இது போதை கேட்கும் ஏக்கம் இல்லை. மெதுவாகக் குறைத்தால் பெரும்பாலும் வராது. நன்றாக ஆன பிறகும் குறைந்தது ஆறு மாதமாவது தொடரச் சொல்வார்கள்.

இப்போது வீட்டாருக்கு. இதைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். முதல் சில வாரங்களில், குறிப்பாக 25 வயதுக்குக் கீழ் உள்ளவர்களில் சிலருக்கு, உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் கூடலாம். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 2004இல் சிறுவர்களுக்காக இந்த எச்சரிக்கையை மாத்திரைப் பெட்டியோடு தரும் விவரத்தில் கட்டம் கட்டிப் போடச் சொன்னது. 2007இல் 24 வயதுவரை நீட்டியது. மனம் தேறும் முன்பே உடம்புக்குத் தெம்பு திரும்பிவிடுவது ஒரு காரணம் என்று மருத்துவர்கள் சொல்வதுண்டு. மாத்திரையை வேண்டாம் என்று சொல்ல இதைச் சொல்லவில்லை. அந்த வாரங்களில் ஆளைத் தனியே விடாதீர்கள் என்பதற்காகச் சொல்கிறேன். மாத்திரை அட்டைகள் வீட்டார் கையில் இருக்கட்டும். "சாகணும்னு தோணுதா?" என்று நேராகக் கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது.

உட்கார முடியாத தவிப்பு, தூக்கமே இல்லாமல் அளவுக்கு மீறிய உற்சாகம், வாய் ஓயாத பேச்சு, கண்டபடி செலவு, காய்ச்சலோடு உடல் விறைப்பு, உடம்பெல்லாம் தடிப்பு இவற்றில் எது வந்தாலும் அடுத்த தேதிக்குக் காத்திருக்க வேண்டாம், அன்றே மருத்துவரைப் பாருங்கள். உயிருக்கு ஆபத்து என்றால் 108.

அந்த "அடுத்த தேதி"தான் நமக்குச் சிக்கல். இங்கிருந்து திருநெல்வேலி ஐகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்கோ, நாகர்கோவில் ஆசாரிப்பள்ளத்துக்கோ போய்வர ஒருநாள் லீவு வேண்டும். அசதியாகக் கிடக்கும் ஆள் இரண்டு பஸ் மாறிப் போவாரா? தேதி தப்பிவிடும், மாத்திரை நின்றுவிடும். அதனால் 14416 என்ற எண்ணைப் போனில் போட்டு வையுங்கள். மத்திய அரசு 2022 அக்டோபர் 10இல் தொடங்கிய டெலி மானஸ் சேவை அது. இலவசம், இரவும் பகலும் உண்டு, தமிழில் பேசலாம். இந்தி, மலையாளம் பேசும் நம் அடுத்த வீட்டுக்காரர்கள் அவரவர் மொழியிலேயே பேசலாம்.

அக்கம்பக்கத்தாருக்கு என் வேண்டுகோள்: "என்ன, எப்பப் பாத்தாலும் தூங்கி வழியுறீங்க" என்று கேட்காதீர்கள். வாட்ஸ்அப் குரூப்பில் யார் பெயரையும் எழுதாதீர்கள்; மனநலச் சிகிச்சை விவரத்தை ரகசியமாக வைத்துக்கொள்ளும் உரிமையை 2017ஆம் வருட மனநலப் பராமரிப்புச் சட்டமே தந்திருக்கிறது. உதவ விருப்பமிருந்தால் அவர்கள் பிள்ளையை இரண்டு வாரம் ஸ்கூல் பஸ்ஸில் ஏற்றிவிடுங்கள். ஒரு தூக்குப் போணியில் மாவு கொடுத்து அனுப்புங்கள். ஆஸ்பத்திரிக்குத் துணைக்குப் போங்கள்.

கூட்டம் முடிந்ததும் ஒரு அக்கா கேட்டார்: "வேண்டுதலை விட்டுட்டு மாத்திரைக்குப் போகணுமா?" யாரும் அப்படிச் சொல்லவில்லை. ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6இல் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் தீயில் இறந்தார்கள். அதே ஏர்வாடி தர்காவில் இப்போது துவாவும் நடக்கிறது, அரசு மனநல மருத்துவரும் உட்கார்ந்து மாத்திரை தருகிறார். உவரிக்கு நடந்து போகிறவர் பையில் மாத்திரை அட்டையையும் வைத்துக்கொள்ளலாம்.

சஷ்டி விரதம், தவக்காலம், ரம்ஜான் நோன்பு இருக்கலாமா என்று இன்னொருவர் கேட்டார். ஒருநாளைக்கு ஒரே ஒரு மாத்திரை என்றால், மருத்துவரைக் கேட்டு நோன்பு திறந்தபின் சாப்பிடும் வேளைக்கு மாற்றிக்கொள்ளலாம். முதல் பதினைந்து நாளில் மட்டும் வெறும் வயிற்றோடு இருக்க வேண்டாம். குமட்டலும் மயக்கமும் கூடும். மாத்திரை தொடங்கும் நாளே விரத மாதம் என்றால், அதைச் சீட்டு எழுதும்போதே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.