விளையாட்டு நிரலும் பிழை தேடும் முறையும்

சொற்குற்றம், பொருட்குற்றம் எனக் குற்றத்தை இருவகைப்படுத்தி ஆராய்வது தமிழ்ப் புலவர் மரபு. கணினிக்கு நிரல் எழுதுவோரும் இப்பாகுபாட்டைத் தம் அநுபவத்தாற் கண்டறிந்திருக்கின்றனர். அவர்களுள்ளும், ஊதியம் கருதாது பொழுதுபோக்காக விளையாட்டு நிரல் எழுதியோரின் அநுபவம் நேயர்கள் கேட்டுச் சிந்திக்கத் தக்கது.

1982ஆம் ஆண்டிலே இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரிலிருந்து 'இசட் எக்ஸ் ஸ்பெக்ட்ரம்' என்னும் சிறு கணினி வெளிவந்தது. வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டியே அதற்குத் திரை. ஒலிப்பதிவு நாடாவே அதற்கு ஏடு. பாடசாலை மாணவர் பலர் 'பேசிக்' என்னும் கணினி மொழியில் அதிலே விளையாட்டுகளை ஆக்கினர். சஞ்சிகைகளில் வந்த நிரல்களை வரிவரியாகத் தட்டெழுதிப் பழகினர். மணிக்கணக்காக உழைத்தபின் விளையாட்டு இயங்காது நின்றால், சோர்ந்து கைவிடுவதா, காரணத்தைத் தேடுவதா என்பதே அவர்கள் முன் நின்ற கேள்வி.

சொற்குற்றத்தைப் பொறியே தடுத்தது. இலக்கணத்துக்கு மாறான வரியை அது ஏற்கவில்லை. மின்னும் வினாக்குறி ஒன்றினால் பிழையைச் சுட்டியது. பொருட்குற்றமோ அவ்வாறன்று. விளையாட்டிலே தோன்றும் சிற்றுருவம் ஒன்று எட்டு வரிசைப் புள்ளிகளால் ஆயது. ஒவ்வொரு வரிசைக்கும் 0 முதல் 255 வரையிலான ஓர் எண் உண்டு. அவ்வெண்களைக் காற்புள்ளியிட்டு நிரலில் அடுக்குவர். '2, 4' என்பதில் காற்புள்ளி விடுபட்டால் அது '24' ஆகிவிடும். இலக்கணத்தில் வழுவில்லை, ஆதலாற் பொறி ஏற்றுக்கொள்ளும். ஆனால், அதன் பின்வரும் எண்கள் யாவும் ஓரிடம் முன்னே நகர, உருவங்கள் ஒவ்வொன்றாகச் சிதையும். ஈற்றில் எண் ஒன்று குறைவதால், தரவு தீர்ந்ததென அறிவித்துப் பொறி நின்றுவிடும்.

இங்கேதான் நுட்பம் இருக்கிறது. பொறி சுட்டுவது எண்களை வாசிக்கும் வரியை. தவறிருப்பதோ எண்களை அடுக்கிய வரியில். வாசிக்கும் வரியை நூறுமுறை திருத்தினும் பயனில்லை. முதலிற் சிதைந்த உருவம் எதுவென்று நோக்கி, அதற்குரிய எண்களை எண்ணிப் பார்த்தவன், எட்டு இருக்க வேண்டிய இடத்தில் ஏழே இருக்கக் கண்டான். நோய் தோன்றும் இடம் வேறு, நோய் முதல் வேறு என்பதை அவன் அன்று கற்றான்.

இவ்விரண்டிலும் அடங்காத மூன்றாவது வகையும் உண்டு. மஞ்சள் நிற வீரன் பச்சை மரத்தருகே சென்றால் மரத்தின் ஒரு பகுதியும் மஞ்சளாயிற்று. நிரலைத் துருவித் துருவிப் பார்த்தாலும் அதிலே தவறு கிடைக்காது. அத்திரையில் அகலவாட்டில் 256, உயரவாட்டில் 192 புள்ளிகள் இருந்தன. எட்டுக்கு எட்டுப் புள்ளிகள் கொண்ட ஒவ்வொரு கட்டத்துக்கும் இரு நிறங்களே உரியன. இவ்வேற்பாட்டினால் முழுத் திரைக்கும் 6,912 பைற்று நினைவகம் போதுமாயிற்று. புள்ளிதோறும் எட்டு நிறங்களுள் ஒன்றைத் தனித்தனியே குறிப்பதாயின் 18,432 பைற்று வேண்டும். அக்கணினியின் சிறிய வகையிலிருந்த மொத்த நினைவகமே 16,384 பைற்றுத்தான். எனவே இது எழுதியவன் குற்றமன்று, கருவியின் எல்லை. அதனை உணர்ந்தோர் ஆடுகளத்தை ஒரே நிறத்தில் அமைத்தனர். அல்லது உருவங்களைக் கட்டம் கட்டமாக நகர்த்தினர். குற்றத்தைத் திருத்தலாம், எல்லையை அறிந்து அதற்குள் அமைத்துக்கொள்ளவே முடியும். இவ்விரண்டையும் வேறுபடுத்தி அறியாதவன் இல்லாத பிழையைத் தேடி இரவுகளை வீணாக்குவான்.

தேர்ந்தவர்கள் கைக்கொண்ட முறை எளியது. நிரலை இயக்குமுன் நாடாவில் ஒரு பிரதி பதித்து வைத்தனர். பொறி செயலிழந்தால் மின்சாரத்தை நிறுத்தவேண்டி வரும், நிறுத்தினால் நினைவகத்திலுள்ள யாவும் அழியும். ஒரு வேளையில் ஒரு மாற்றமே செய்து அதன் விளைவைக் கண்டனர். ஐயத்துக்குரிய பகுதியைத் தனியே பிரித்து இயக்கினர். மாறிகளின் மதிப்பைத் திரையில் அச்சிட்டு, தாம் எண்ணியதும் பொறி கொண்டதும் ஒன்றுதானா என ஒப்பிட்டனர்.

இன்றைய கணினிகள் கோடிக்கணக்கான நிறவேறுபாடுகளைக் காட்டவல்லன. ஆயினும், நிரல் எழுதுவோன் மனத்தில் நினைத்ததை அவை அறியா, எழுதியதையே செய்கின்றன. நினைத்ததற்கும் எழுதியதற்கும் இடையிலுள்ள வேற்றுமையைப் பொறுமையோடு தேடிக் கண்ட மாணவன், ஒரு விளையாட்டை மட்டும் திருத்தினானல்லன். தன் சொல்லைத் தானே சோதிக்கும் பழக்கத்தையும் பெற்றான்.