வாடகை வீடு: எழுத்தும் அறமும்



அம்பத்தூர் தொழிற்பேட்டையில் உழைத்து ஓய்வு பெற்றோர் பலர், கைக்கு வந்த பணத்தில் மாடியில் ஒரு போர்ஷன் கட்டி வாடகைக்கு விட்டுள்ளனர். ஆவடியிலும் பூந்தமல்லியிலும் இத்தகையோர் உண்டு. அவ்வாடகையே அவர்தம் முதுமைக்கு ஊன்றுகோல். அது இரண்டு மாதம் நின்றாலே மருந்துச் செலவு தடுமாறும்.

அவ்வேளையில் சினங்கொண்டு, குடியிருப்போரின் தண்ணீரையும் மின்சாரத்தையும் நிறுத்திவிடுவோர் உளர். அது சட்டத்திற்கும் முரண். நாம் போற்றும் அகிம்சைக்கும் முரண்.

சினம் எழாமல் காக்க வல்லது, முன்கூட்டியே எழுதி வைத்த ஒப்பந்தம். 2019 பிப்ரவரி 22 அன்று நடைமுறைக்கு வந்த தமிழக வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தத்தை எழுத்தில் செய்து வாடகை அதிகாரியிடம் பதிதல் வேண்டும். வேறு உடன்பாடு இல்லையெனில், முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேற்படலாகாது. இரண்டு மாத வாடகை நிலுவையாகி, அறிவிப்புக் கொடுத்தும் ஒரு மாதத்திற்குள் செலுத்தப்படாவிடில், வாடகை நீதிமன்றத்தில் முறையிடலாம்.

"தெரிந்த பிள்ளைதானே, பத்திரம் எதற்கு?" என்று இருந்துவிடாதீர்கள். எழுதி வைத்த சொல், வீடு கொடுத்தவருக்கும் குடிவந்தவருக்கும் ஒருசேரக் காவல். அடுத்த குடித்தனம் வருமுன் அதனை எழுதிப் பதிந்திடுவீர்களாக.