மதில் போன இடத்தில் தெரு வந்தது

(தேனியில் நடந்த கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரை)



மதுரைத் தெருக்களைப் பற்றித் தேனியில் நின்று பேச என்ன இருக்கிறது என்று உங்களில் சிலர் நினைக்கலாம். 1996 வரை நாமும் மதுரை ஜில்லாக்காரர்கள்தான். கோர்ட்டுக்கும், கலெக்டர் ஆபீசுக்கும், பெரியாஸ்பத்திரிக்கும், கலியாணச் சாமான் வாங்கவும் அங்கேதான் போனோம். 2010 கடைசியில் நின்றுபோன ரயில் 2022 மே மாதம் தேனிக்கும், 2023 ஜூனில் போடிக்கும் திரும்ப வந்தது. அந்த ரயிலில் போய் மதுரை ஜங்ஷனை விட்டு வெளியே வந்தால் முதலில் கால் படுவது மேல வெளி வீதி. 'வெளி' என்றால் எதற்கு வெளியே? கோட்டைக்கு வெளியே! அந்தக் கோட்டை எங்கே போயிற்று என்பதைச் சொல்லத்தான் வந்தேன்.

16ஆம் நூற்றாண்டில் விசுவநாத நாயக்கர் பாண்டியர் காலத்துச் சிறிய கோட்டையை இடித்துவிட்டு, இரட்டை மதிலும், சுற்றிலும் அகழியும், 72 கொத்தளங்களும் கொண்ட பெரிய கோட்டையை எழுப்பினார். கொத்தளத்துக்கு ஒரு பாளையம் காவல் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. அந்த 72 பாளையங்களின் பட்டியலை எடுத்துப் பாருங்கள். போடிநாயக்கனூர் இருக்கிறது, தேவாரம் இருக்கிறது, கண்டமனூர் இருக்கிறது. பெரியகுளத்து வடகரையும் இருக்கிறது. பட்டியலில் ஏறியது பாளையக்காரர் பெயர். சேனைக்குச் சோறாகிய நெல்லும், ஈட்டி பிடித்து நின்ற ஆளும் இந்தப் பள்ளத்தாக்கிலிருந்து போனவை. ஆகவே அந்த மதிலில் நம் முன்னோருக்கும் பங்குண்டு. அயலூர்க் கதை என்று யாரும் எழுந்து போய்விட வேண்டாம்!

1763, 1764ஆம் ஆண்டுகளில் கான் சாகிபு அந்த மதிலுக்குள் இருந்துகொண்டு கும்பினிப் படையை மாதக்கணக்கில் திணற வைத்தார். உள்ளே இருந்தவர்களே காட்டிக்கொடுத்த பிறகுதான் அவரைப் பிடித்துத் தூக்கிலிட முடிந்தது. பிற்பாடு தேசம் முழுவதும் கும்பினி கைக்கு வந்ததும் கோட்டைக்கு வேலையில்லாமல் போயிற்று. அகழித் தண்ணீர் தேங்கி நாறியது. காய்ச்சல் பரவியது. உள்ளே வீடுகள் நெருக்கியடித்துக் கிடந்தன. 1834 முதல் 1847 வரை கலெக்டராக இருந்த பிளாக்பர்ன் மதிலை இடிக்கச் செய்து, அந்த இடிபாட்டைக் கொண்டே அகழியைத் தூர்த்தார். தூர்ந்த நிலம் வீட்டு மனையாயிற்று, தெருவாயிற்று.

இடித்தது தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. ஊருக்குக் காற்று வந்தது, வண்டி போக வழி வந்தது. 1875இல் ரயிலும், 1890களில் ஹார்வி மில்லும் கோட்டைக்கு மேற்கே வந்தபோது ஊர் அந்தப் பக்கம் பரவத் தடையில்லை.

ஆனால் பெயர்களைக் கவனியுங்கள். உள்ளே கோயிலைச் சுற்றிய பழைய வீதிகளுக்குச் சித்திரை, ஆவணி மூலம், மாசி என்று திருவிழாக்களின் பெயர். அது ஊரார் கூடி நடந்த பெயர். மதில் போன இடத்தில் பிறந்த தெருக்களுக்கோ, அளந்து கொடுத்த மாரட் துரையின் பெயரும், வேலை வாங்கிய பெருமாள் மேஸ்திரியின் பெயரும்! மேலப் பெருமாள் மேஸ்திரி வீதி லாட்ஜில் தங்குகிறவர், பக்கத்தில் கூடலழகர் கோயில் இருப்பதால், இது சாமி பெயர் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாலும் ஆச்சரியமில்லை. கலெக்டருக்கு ஒரு விளக்குத்தூண் நாட்டினார்கள். அது இருக்கும் இடமே இன்றைக்கும் விளக்குத்தூண்தான். கடப்பாரை பிடித்தவனுக்கும், அகழிச் சேற்றில் இடுப்பளவு நின்று கூடை சுமந்தவளுக்கும் ஒரு சந்துகூட இல்லை. அவர்கள் எத்தனை பேர், கூலி என்ன, காய்ச்சலில் விழுந்தவர் யார் என்பதற்கெல்லாம் தெருப் பலகையில் இடம் ஏது?

பழங்கதை இத்தோடு முடியட்டும். நம் கண் முன்னாலேயே அதே ஊரை மறுபடி பிரித்துக் கட்டியிருக்கிறார்கள். மதுரை 2016இல் ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் சேர்ந்தது. பெரியார் பஸ் நிலையத்தை அடியோடு இடித்துக் கட்டி 2021 டிசம்பரில் திறந்தார்கள். கோயிலுக்குப் பக்கத்தில் இருந்த சென்ட்ரல் காய்கறி மார்க்கெட் அதற்கும் முன்னாலேயே மாட்டுத்தாவணிக்குப் போய்விட்டது. அந்த இடத்தில் இப்போது மாடி மாடியாகக் கார் நிறுத்துகிறார்கள். மூட்டை தூக்குகிறவரின் கணக்கை யோசியுங்கள். விடியுமுன் மூன்று மணிக்கு எழுந்து நடந்து போகிற தூரத்தில் வேலை இருந்தால்தான் அவருக்குக் கூலி மிஞ்சும். மார்க்கெட் ஐந்தாறு கிலோமீட்டர் தள்ளிப் போனால், பஸ் இல்லாத நேரத்தில் ஆட்டோவுக்குக் கொடுத்து எதை வீட்டுக்குக் கொண்டுவருவார்? காருக்கு நிழல் கிடைத்தது, சரி. தலைச்சுமைக்காரர் கணக்கை எந்த இஞ்சினீயர் வரைபடத்தில் போட்டார்?

புது மண்டபத்தை நீங்கள் எல்லோரும் அறிவீர்கள். திருமலை நாயக்கர் கட்டியது. தூணுக்குத் தூண் தையல் மெஷின், பாத்திரக் கடை, வளையல் கடை, பஞ்சாங்கமும் நாடகப் புத்தகமும் விற்கிற கடை. சித்திரைத் திருவிழாவில் அழகருக்கு வேஷம் கட்டி வருகிற நம் கிராமத்து ஆட்களின் உடுப்பு அங்கே தைத்ததுதான். சுமார் 300 கடைகள். சிற்பங்களைக் காப்பாற்ற வேண்டும் என்று அவர்களைப் புதிதாகக் கட்டிய குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றினார்கள். தூண்களில் ஆணி அடித்துத் துணி தொங்கவிட்டது நியாயமில்லைதான், சிற்பங்கள் பிழைக்கட்டும். ஆனால் தையற்காரரின் விளம்பரம் எது? நடந்து போகிறவர் கண்ணில் மெஷின் படுவதுதான். கடையை மாடியில் வைத்தால், அழகர் உடுப்புக்கு அளவு கொடுக்க வருகிற கிராமத்தான் அத்தனை படி ஏறித் தேடுவானா? இடம் கொடுத்தாயிற்று என்று பைலில் எழுதலாம். பிழைப்புக் கொடுத்தாயிற்று என்று எழுத முடியுமா?

தேனியிலும் ரோடு அகலமாகிறது, மேம்பாலம், புறவழி என்று பேச்சு நடக்கிறது. வரட்டும், வேண்டாம் என்கிறவர் யாருமில்லை. ஆனால் முதல் கல் பெயர்க்குமுன், அந்தத் தெருவில் தள்ளுவண்டி யார், தரைக்கடை யார், எந்த ஊரிலிருந்து வருகிறார்கள், எத்தனை மணிக்கு வருகிறார்கள் என்று ஒரு நோட்டில் எழுதி முனிசிபாலிடியில் கொடுத்துவிடுங்கள். பெயர் இல்லாதவனுக்கு மாற்றிடம் கேட்பது கஷ்டம்.

அடுத்த முறை மதுரைக்கு ரயிலில் போகிறவர்கள் பத்து நிமிஷம் செலவழியுங்கள். ஜங்ஷனை விட்டு இறங்கி மேல வெளி வீதியில் தெற்கே பெரியார் நிலையம் வரை நடங்கள். அதன் பக்கத்தில் கருங்கல் கட்டிடம் ஒன்று மிச்சம் நிற்கும். அது கோட்டையின் மேற்கு வாசல். 72 கொத்தளமும் போன பிறகு நின்றது அவ்வளவுதான். போடியிலிருந்தும் தேவாரத்திலிருந்தும் காவலுக்குப் போனவர்கள் நடந்த கல் அது. தொட்டுப் பார்த்துவிட்டு வாருங்கள்.