பார்த்துப் பாடிய பாட்டு



திருமுழுக்கு யோவான் அரசன் செய்த தவறைத் தட்டிக் கேட்டார். அதற்காக அவர் தலையை வெட்டினார்கள். ஜூன் 24 அவருடைய பிறந்த நாள் திருவிழா. அவரைப் போற்றி இலத்தீன் மொழியில் ஒரு பாட்டு உண்டு.

சுமார் 1,000 ஆண்டுகளுக்கு முன் இத்தாலியில் குய்தோ என்ற துறவி வாழ்ந்தார். அப்போது கோவில் பாடகர்கள் பாட்டைக் கேட்டுக் கேட்டே மனப்பாடம் செய்தார்கள். பத்து ஆண்டு பாடியவருக்கும் புதுப் பாட்டைத் தாமாகப் பாடத் தெரியாது. பாவம், ஆசானையே நம்பி இருந்தார்கள்!

யோவான் பாட்டின் முதல் ஆறு அடிகளும் ஒன்றைவிட ஒன்று மேலான ஸ்வரத்தில் தொடங்கும். அந்த அடிகளின் முதல் ஒலிகளையே குய்தோ ஸ்வரங்களுக்குப் பெயராக வைத்தார். உத், ரே, மி, ஃபா, சோல், லா. நம் ச, ரி, க, ம போலத்தான். கோடுகள் போட்டு ஸ்வரங்களை ஏட்டிலும் குறித்தார்.

போப்பாண்டவர் 19ஆம் ஜான் அவரை ரோமுக்கு அழைத்தார். ஏட்டைப் புரட்டினார். அதுவரை கேட்டே இராத ஓர் அடியைத் தாமே பார்த்துப் பாடினார்.