எஞ்சி நிற்கும் காப்பி ஹவுஸ்கள்
(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



காரியதரிசி அவர்கள் நமக்குப் பத்து நிமிஷமே அளித்திருக்கின்றார். ஆகையால் நேரே விஷயத்திற்கு வருகின்றோம். பாரத தேசத்தின் பல நகரங்களில் இன்றும் எஞ்சி நிற்கும் இந்தியன் காப்பி ஹவுஸ் கட்டடங்களைப் பற்றியே பேச எண்ணுகின்றோம். காப்பி அருந்தாத குடும்பம் நம் காலனியில் இராது. ஆயினும் வீட்டு டிக்காஷனை விட்டு அங்கே செல்வோர் வெகு சிலரே.

1936-ல் பம்பாய் சர்ச்கேட்டில் முதல் கடை திறக்கப்பட்டது. தேநீரிலேயே ஊறியிருந்த மக்களுக்குக் காப்பியின் ருசியைக் காட்டுவதே நோக்கம். பிற்பாடு காப்பி போர்டு இக்கடைகளை நடத்திற்று. 1950-களின் நடுவில் அவற்றை மூட முற்பட்டபோது, வேலையிழக்க நின்ற தொழிலாளர்களை ஏ. கே. கோபாலன் கூட்டுறவுச் சங்கங்களாகத் திரட்டினார். 1957-ல் பெங்களூரிலும் டில்லியிலும் அத்தகைய சங்கங்கள் தோன்றின. பல ஊர்களில் 'இந்தியா' என்ற பெயர் 'இந்தியன்' ஆயிற்று. ஆங்கிலப் பலகையில் கூடியது ஓர் எழுத்தே. ஆனால் பரிமாறுபவரே கடைக்கு உடைமையாளரும் ஆகிவிட்டார்!

கல்கத்தா காலேஜ் தெருவில் இருப்பது பழைய ஆல்பர்ட் ஹால். 1942-ல் அங்கே காப்பி ஹவுஸ் புகுந்தது. உயர்ந்த கூரை, நீண்ட தண்டில் தொங்கும் மின்விசிறிகள், மேலே சுற்றுமாடம், சுவரில் தாகூரின் பெரிய படம். ஒரு கோப்பையை வைத்துக்கொண்டு மூன்று மணி நேரம் வாதாடினாலும் எழுப்புவாரில்லை.

திருவனந்தபுரம் தம்பானூரில் உள்ளது வேறு ஜாதி. ரயிலை விட்டிறங்கி வெளியே வந்தால், சற்றுத் தூரத்திலேயே செங்கல் கோபுரம் ஒன்று திருகிக்கொண்டு நிற்கும். லாரி பேக்கர் என்னும் கட்டடக் கலைஞர் சமைத்தது. உள்ளே படிக்கட்டே கிடையாது. தரையே சரிவாகச் சுற்றிச் சுற்றி மேலேறுகின்றது. மேஜையும் பெஞ்சும் கட்டடத்தோடு கட்டப்பட்டவை. செங்கல் இடைத்துளைகளின் வழியே வெளிச்சமும் காற்றும் வருகின்றன. தட்டேந்தி நாள் முழுதும் அச்சரிவில் ஏறி இறங்குவோரின் முழங்கால்களுக்கு நம் அனுதாபம் உரியது. அங்கே மசால் தோசைக்குள் பீட்ரூட்டை வைக்கின்றனர். அதை மன்னிக்க நம் நாக்கு இன்னும் இசையவில்லை.

எல்லாக் கட்டடங்களுக்கும் இந்தப் பாக்கியம் வாய்க்கவில்லை. டில்லி கன்னாட் பிளேஸில் இருந்தது 1976-ல், நெருக்கடி நிலையின் போது இடிக்கப்பட்டது. பின்னர் மோகன் சிங் பிளேஸ் கட்டடத்தின் மொட்டைமாடியே புகலிடமாயிற்று. பெங்களூர் எம். ஜி. ரோட்டில் ஐம்பது ஆண்டு நடந்த கடை, 2009-ல் வாடகை இடத்தை விட்டுச் சர்ச் தெருவுக்குப் பெயர்ந்தது. தொழிலாளர் கையில் கடை இருந்தது, கட்டடம் இல்லை. மாத முடிவில் வாடகை ரசீதை எதிர்நோக்கும் நம் போன்றோருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

எங்குப் பெயர்ந்தாலும் ஓர் அடையாளம் மட்டும் கூடவே செல்கின்றது. கஞ்சி போட்டு விசிறிபோல் விரிந்த வெண்தலைப்பாகையும், இடையில் அகன்ற பட்டையும் அணிந்த பரிமாறுநர் தாம் அது. பெயர்ப்பலகையைப் படிக்க அறியாதவரும் அத்தலைப்பாகையைக் கண்டு உள்ளே நுழைவர்.

விடுமுறைப் பாஸில் ஊருக்குப் போகும் அன்பர்கள், வழியில் வண்டி மாற நேரமிருந்தால், குழந்தைகளை அங்கே ஒருமுறை அழைத்துச் செல்லுமாறு கேட்டுக்கொள்கின்றோம். அங்கே சேரும் காசிலிருந்துதான் அடுத்த மாத வாடகை போகின்றது.